கார் எலக்ட்ரிக்கல் வேலையை நாமே பார்த்துக்கொண்டால் நிஜமாகவே காசு மிச்சமாகுமா?

மிச்சமாகும். அதிலும் எது பழுது என்று கண்டுபிடிப்பதை நாமே செய்துகொண்டால்தான் பெரிய மிச்சம். நல்லாயிருக்கிற பொருளைக் கழற்றிப் போட்டுப் புதிது வாங்குவதில் போகும் காசு கொஞ்சநஞ்சமில்லை.

கேட்டவரிடம் வாரண்டி முடிந்த வண்டி இருக்கும், எங்கேயோ ஒரு பெரிய தொகை சொல்லியிருப்பார்கள், கொடுக்கலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் இங்கே கேட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அதேதான் நடந்தது.

எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் பக்கம். ஜன்னல் கம்பி, கேட் கொண்டி எல்லாம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறிவிடும். கார் மட்டும் எப்படித் தப்பும்? பழைய வேகன் ஆர். என் சம்பளத்தில் வாங்கியது, ஆர்சியும் என் பேரில்தான். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு, காலையில் சாவி திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்து ஓட ஆரம்பித்தது. சில சமயம் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்துவிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். "செல்ஃப் மோட்டார் போயிடுச்சு மேடம், பேட்டரியும் வீக்கு. ரெண்டையும் மாத்திடணும்" என்றார். 11,000 ரூபாய் ஆகுமாம். மீட்டர் எதையும் கையில் எடுக்கவில்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "சார் வரட்டும் மேடம், அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

என் கணவர் நெய்வேலியில் ஷிப்டு வேலை பார்க்கிறார், கார் ஓட்டத் தெரியாது. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுப்பவள். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தேன். 12.6 வோல்ட். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி அவ்வளவுதான் காட்டும். அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, மகளை சாவி திருப்பச் சொன்னேன். செல்ஃப் ஓடும்போது பேட்டரி 10 வோல்ட் பக்கம் வரை இறங்குவது சகஜம். இது 11-க்குக் கீழே வரவே இல்லை. அப்படியென்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, கரண்ட் ஓட முடியாமல் எங்கேயோ தடுக்கிறது. மோட்டாருக்குள்ளேயே தடை இருக்கலாம், வழியிலும் இருக்கலாம். அதனால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, மறுபடி சாவி திருப்பச் சொன்னேன். அங்கே அரை வோல்ட்டுக்கு உள்ளேதான் காட்ட வேண்டும். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயரில்தான் கோளாறு.

இந்தச் சோதனையை வண்டி ஓய்வாக நிற்கும்போது ஓம் மீட்டரில் செய்தால் ஒன்றும் பிடிபடாது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் ஓடுகிற பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போகும். சாதாரண மீட்டரால் அந்த 0.02 ஓமைச் சரியாகக் காட்ட முடியாது. லோடு ஏற்றி, அதாவது செல்ஃபை ஓடவிட்டு கரண்ட் பாயும்போது பார்த்தால்தான் தெரியும்.

ஒயரைக் கழற்றினேன். போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. செம்பு, இரும்பு, ஈயம் என்று வேறு வேறு உலோகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் இப்படித்தான் அரித்துக்கொண்டு போகும். பேட்டரி டெர்மினலை ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இன்ஜினில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது எர்த் ஒயரை முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். 300 ரூபாய்க்குள் முடிந்தது. அதே செல்ஃப், அதே பேட்டரியோடு வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமான ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். நான் மேலே செய்ததெல்லாம் 10-ஆம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி. முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் லேப் பீரியடை எடுத்து டெஸ்ட் வைப்பார்கள். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ரீடிங்கை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். லேப் நடக்கிற அபூர்வ நாட்களிலும் பையன்கள் ஒயர் மாட்டுவார்கள், பெண் பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று "சார் வரட்டும்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறார்கள். நான் இப்போது மீட்டரை முதலில் பெண் பிள்ளைகள் கையில்தான் கொடுக்கிறேன்.

மெக்கானிக்குகள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேன் என்று யாராவது சொல்லலாம். திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாகப் போகும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். டைனமோ வேலை என்றால் அவரிடம்தான், கேட்கிற கூலியைக் கொடுத்துவிடுவேன். என் கோபம் பார்க்காமலே பொருளை மாற்றச் சொல்கிறவர்கள் மேல் மட்டும்தான்.

நீங்கள் கை வைப்பதாக இருந்தால் வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே வளையல் பட்டால் சிவக்கப் பழுத்துவிடும். நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டுங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 20 போடாதீர்கள், ஒயர்தான் எரியும். ஹாரன் அடிக்கவில்லையென்றால், ஃபியூஸ் பாக்ஸில் அதே நம்பருள்ள இன்னொரு ரிலேயை (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாற்றிச் செருகிப் பாருங்கள், செலவே இல்லை. மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொடவே கூடாது. 2024-ல் ஃபெஞ்சல் புயலை ஒட்டி தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததே, அதுபோல தண்ணீரில் நின்ற வண்டியையும் நீங்களாக ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள்.

நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பேட்டரியில் எவ்வளவு காட்டுகிறது, ஸ்டார்ட் ஆனபிறகு எவ்வளவு என்று பாருங்கள். ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது. இரண்டு ரீடிங்கையும் இங்கே எழுதுங்கள், அடுத்து எங்கே மீட்டரை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.