அணுவுக்கு வயதாவதில்லை

வணக்கம் ஐயா,

கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கத் தனிமமான தோரியம் இருப்பதைச் சொல்லி, அதன் அரை ஆயுட்காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைந்து வேறு தனிமமாக மாற ஆகும் காலம், 1,405 கோடி ஆண்டுகள் என்று கரும்பலகையில் எழுதினேன். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தானே, இதை யார் காத்திருந்து அளந்தார்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். கணக்கிட்டுக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லி வகுப்பை முடித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவனுக்கு விடை சொல்வதற்கு முன் ‘ஆயுள்’ என்ற சொல்லைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். ஆயுள் என்றதும் பிறப்பு, முதுமை, முடிவு என்ற வரிசைதான் நம் மனத்தில் எழுகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள் என்றால் முழு ஆயுள் 3,200 ஆண்டுகள் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவதும் அதனால்தான். உண்மையில் 3,200 ஆண்டுகள் கழிந்த பின்பும் கால் பங்கு ரேடியம் மீதமிருக்கும். நேற்று உருவான ரேடியம்-226 அணுவும் ஐயாயிரம் ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் ரேடியம்-226 அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பில் அணுவளவும் வேறுபடுவதில்லை.

இதை வகுப்பிலேயே காட்டலாம். தாயம் ஆடுவதற்கு உரைப்பதுபோல இருநூறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் உரைத்துவரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் குலுக்கிக் கொட்டி, வெள்ளைப் பக்கம் மேலாக விழுந்தவற்றைச் சிதைந்தவையாகக் கொண்டு நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை எண்ணி மறுபடி கொட்ட வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் ஏறக்குறையப் பாதி கழியும். ஐந்து வீச்சுகளைத் தாண்டிய கொட்டைக்கும் ஆறாவது வீச்சில் அதே வாய்ப்புத்தான். கடைசியில் நான்கைந்து கொட்டைகள் எஞ்சும்போது கணக்கு ஒழுங்காக வராது. அதைப் பிழையென்று அடித்துவிடாதீர்கள். எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போதுதான் பாதி என்பது துல்லியமாகிறது.

இப்போது அவன் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வோர் அணுவுக்கும் சிதையும் வாய்ப்பு மாறாமல் இருப்பதால், பாதி கரையும்வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை; ஒரு நொடியில் எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று எண்ணினால் போதும். ஒரு கிராம் தோரியத்தில், 26 என்று எழுதிப் பக்கத்தில் 20 சுழியங்கள் இட்டால் வரும் அளவுக்கு அணுக்கள் உள்ளன. அவற்றில் நொடிக்குச் சுமார் 4,060 அணுக்கள் ஆல்பாத் துகளை (ஹீலியம் அணுக்கருவை) உமிழ்ந்து ரேடியம்-228 ஆகின்றன. மொத்த அணுக்களை 4,060-ஆல் வகுத்து 0.693-ஆல் பெருக்கினால் அரை ஆயுட்காலம் நொடிகளில் கிடைக்கும். ஆண்டுகளாக மாற்றினால் நீங்கள் எழுதிய எண்ணை ஒட்டியே வந்து நிற்கும். அந்த 0.693 என்பது 2-இன் இயல் மடக்கை. அதை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம். எண்ணும்போது ஒரு கவனம் வேண்டும். தோரியம்-232 பத்துப் படிகளில் சிதைந்து ஈயம்-208 ஆகிறது. இடையில் தோன்றும் தனிமங்களும் ஆல்பாவை உமிழ்வதால், தோரியத்தின் ஆல்பாவை அதன் ஆற்றலைக் கொண்டு பிரித்தறிந்தே எண்ண வேண்டும்.

காத்திருந்து அளந்ததும் உண்டு. அதுவும் இதே தோரியத்தின் வழித்தோன்றல் ஒன்றில்தான். கனடாவின் மொண்ட்ரியாலில் பணியாற்றிய இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து வெளிவரும் வாயு காற்றில் உண்டாக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதை அளந்து 1900-இல் வெளியிட்டார். இன்று ரேடான்-220 என்று அழைக்கப்படும் அந்த வாயுவின் அரை ஆயுட்காலம் 55.6 நொடிகள். உங்கள் ஊர் மோனசைட்டின் ஒரு பருக்கைக்குள் 1,405 கோடி ஆண்டுகளும் 55.6 நொடிகளும் சேர்ந்தே இருக்கின்றன.

புளியங்கொட்டை ஆட்டம் முடிந்ததும் சோழிகளைக் கொண்டு அதையே ஆடிப்பாருங்கள். சோழி வாய் மேலாக விழும் வாய்ப்புச் சரிபாதியாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை வீச்சுகளில் பாதியாகிறது என்பதை மாணவர்களே எண்ணிச் சொல்லட்டும்.