வாசகர் கேள்வி – பதில்: கைதட்டலோடு முடிந்துபோகும் வீதி நாடகம்

கேள்வி: சமூகப்பணி மாணவர்களாகிய நாங்கள் குடிப்பழக்கத்துக்கு எதிராக ஊர் ஊராக வீதி நாடகம் போடுகிறோம். மக்கள் ரசிக்கிறார்கள், கைதட்டிவிட்டுக் கலைகிறார்கள். இதனால் பயன் உண்டா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: இதே சங்கடம் பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலுக்கும் நேர்ந்தது. நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று அவருடைய குழு துப்பாக்கிகளை உயர்த்திப் பாடி முடித்தபோது, நெகிழ்ந்துபோன உழவர் ஒருவர், நிலத்தைப் பறித்தவர்களை விரட்ட அவற்றோடு தங்களுடன் வருமாறு அழைத்தார். அவை வெறும் மேடைப் பொருள்கள் என்று சொல்ல நேர்ந்த வெட்கத்துக்குப் பிறகு, தாம் செய்யத் துணியாததைப் பிறருக்கு உபதேசிப்பதை போவால் விட்டுவிட்டார்.

1973இல் போவால் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றியபோது, தாம் சொன்ன யோசனையை நடிகர்கள் சரியாக நடிக்கவில்லை என்று கோபித்த பார்வையாளர் ஒருவர், ஒரு பெண், தாமே மேடையேறி நடித்துக் காட்டினார். போவால் வடிவமைத்த ‘மன்ற அரங்கு’ (Forum Theatre) என்னும் நாடக முறைக்கு அந்தப் பெண்ணே தூண்டுதல். இதில் நாடகம் தீர்வின்றி முடிந்து, மறுபடியும் தொடங்கும். பார்ப்பவர் எவரும் “நிறுத்துங்கள்” என்று குறுக்கிட்டு, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துப் பார்க்கலாம். எதிரில் நடிப்பவர்கள் எளிதில் இறங்கிவரக் கூடாது. இடையில் நின்று நடத்துபவரை ‘ஜோக்கர்’ என்பார்கள். கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்கும் நம் கூத்துக் கட்டியங்காரனுக்கு இந்த வேலை புதிதன்று.

மேற்கு வங்கத்தில் 1985இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி என்னும் மன்ற அரங்குக் குழு, ஒரே நாடகத்தை ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோகிறது. உங்கள் குழுவிடம் குறைவது இதுதான் என்று நினைக்கிறேன். ஊருக்கு ஒரு காட்சி என்பது ஆண்டறிக்கைக்கு உதவுமே தவிர, பேச்சு தொடர இடம் தராது. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இத்தகைய அரங்குகளில் எழுந்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் பிறந்தன.

ஆனால் ஓர் எச்சரிக்கை: கணவன் பார்த்திருக்க மேடையேறிப் பேசிய பெண்ணுக்கு அன்றிரவு வீட்டில் என்ன நேரும் என்பதை நீங்கள் யோசித்தாக வேண்டும். எனவே முதலில் மகளிர் சுய உதவிக் குழுவில், பெண்கள் மட்டும் கூடியிருக்கையில் நடத்துங்கள். கூலிப் பணத்தைக் கேட்டுக் கணவன் கை நீட்டும் இடத்தில் காட்சியை நிறுத்திவிடுங்கள். இறுதியில் நீங்கள் எழுப்பும் முழக்கத்தை எடுத்துவிடுங்கள்.