கார் ஸ்பீக்கர் கோளாறு: மீட்டரை எங்கே வைப்பது?

முன் இடது கதவு ஸ்பீக்கர் திடீரென்று நின்றுவிடுகிறது. கதவை ஒருமுறை திறந்து அடித்தால் மறுபடி பாடுகிறது. கடையில் ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணா?

மாற்றாதீர்கள். கதவு அசையும்போது போய் வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான். கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் நடுவே ரப்பர் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) இருக்கிறதல்லவா, வருடக்கணக்கில் மடங்கி நிமிர்ந்து அதற்குள்ளே ஒயர் அறுந்துவிடும். மேல் தோலைப் பார்த்தால் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு மட்டும் துண்டாகியிருக்கும். ஒயரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். அறுந்த இடம் மட்டும் மெலிந்து ரப்பர்போல நீளும்.

பெல்லோஸைக் கழற்றும் முன்பே இதை உறுதி செய்துகொள்ளலாம். டாஷ்போர்டில் இருக்கும் ஆடியோ செட்டை ஆஃப் செய்து, அதன் பின்னால் ஒயர்களை இணைக்கும் கப்ளரைப் பிடுங்குங்கள். வெளியில் வாங்கிப் போட்ட செட்டில் முன் இடதுக்கு வெள்ளையும், கறுப்புக் கோடு போட்ட வெள்ளையும் வரும். கம்பெனி செட் என்றால் நிறம் வண்டிக்கு வண்டி மாறும், அந்த மாடலின் ஒயரிங் படத்தைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 காட்டினால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு காரிலிருந்து கப்ளருக்கு வரும் அந்த இரண்டு ஒயரிலும் புரோபை வைத்துக்கொண்டு, இன்னொருவரை கதவை மெல்லத் திறந்து மூடச் சொல்லுங்கள். 3.5 அளவில் நின்ற எண் துள்ளினாலோ, ஓப்பன் (தொடர்பே இல்லை) என்று காட்டினாலோ ஆள் அகப்பட்டுவிட்டான்.

பெல்லோஸுக்குள் மட்டும் ஒட்டுப் போடாதீர்கள், சில மாதத்தில் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி அறும். பில்லருக்கு உள்ளே ஓர் ஒட்டு, கதவுக்கு உள்ளே ஓர் ஒட்டு, நடுவில் வளையக்கூடிய 1 சதுர மி.மீ. மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர் ஒரே துண்டாக ஓட வேண்டும். சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். சில வண்டிகளில் பில்லரிலேயே கப்ளர் இருக்கும். அதில் பின் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.4 காட்டுகிறது. ட்வீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. இரண்டும் போச்சா?

இரண்டுமே நன்றாக இருக்கலாம். மீட்டர் காட்டுவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் டிசி தடை. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3.2 முதல் 3.8 வரை வருவது இயல்பு. ட்வீட்டரோடு தொடரில் ஒரு கெபாசிட்டர் இருக்கும், அது டிசியை விடாது. கெபாசிட்டரைத் தாண்டி ட்வீட்டரின் முனையில் வைத்து அளங்கள்.

அளவு சரியாக இருப்பதால் மட்டும் ஸ்பீக்கர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கோனை நான்கு விரலால் சமமாக அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் சுருள் சாய்ந்துவிட்டது. பாட்டு ஓடும்போது கோனை அழுத்தினால் மட்டும் பாடுகிறது என்றால், டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி விட்டிருக்கிறது.

வால்யூம் ஏற்றினால் நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. செட் போச்சு என்கிறார்கள் சார்.

செட்டைக் குறை சொல்லும் முன் ஒயர் காரின் பாடியில் படுகிறதா என்று பாருங்கள். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் மைனஸ் எர்த் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். டிடிஏ7388 போன்ற ஒரே ஐசி (சிப்), ஸ்பீக்கருக்கு ஒன்றாக நான்கு சேனலையும் ஓட்டுகிறது. ஒவ்வொரு சேனலிலும் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயருமே ஆம்ப்ளிஃபையரின் (ஆம்ப்) வெளியீடுதான். செட் ஓடும்போது எந்த ஒயரை பாடிக்கு அளந்தாலும் சுமார் 6 வோல்ட் இருக்கும். அதில் ஒன்று பாடியைத் தொட்டாலும் ஐசி தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொள்ளும். பல செட்களில் நான்கு சேனலும் சேர்ந்தே அமைதியாகும். வால்யூம் ஏறும்போது டோர் பேட் அதிர்ந்து, உரிந்த ஒயர் தகரத்தில் படும். அப்போதுதான் இது நடக்கிறது.

கப்ளரைப் பிடுங்கிவிட்டு எட்டு ஸ்பீக்கர் ஒயரையும் ஒவ்வொன்றாக பாடிக்கு அளங்கள். எட்டும் ஓப்பன் காட்ட வேண்டும். அளந்துகொண்டே கண்ணாடியை ஏற்றி இறக்குங்கள், சீட்டை முன்னும் பின்னும் தள்ளுங்கள். விண்டோ மெக்கானிசம் உரசும் இடம், சீட் ரெயில் நசுக்கும் இடம், ஸ்பீக்கர் ஸ்குரூ துளைத்த இடம் என்று இந்த மூன்றில்தான் அதிகம் மாட்டும். பழைய கார் சிலவற்றில் இரண்டு ஸ்பீக்கருக்கு ஒரே மைனஸ் பொதுவாக ஓடும். அதில் புதிய செட்டை அப்படியே மாட்டக் கூடாது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஜோடி ஒயர் இழுத்தே ஆக வேண்டும்.

எட்டும் சுத்தமாக இருந்தால் செட்டை மாட்டி, பாட்டு இல்லாமல் ஒரு சேனலின் இரண்டு ஒயருக்கு நடுவே டிசி வோல்ட் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் அளவில்தான் இருக்க வேண்டும். அங்கே வோல்ட் கணக்கில் வந்தால் ஐசி கெட்டிருக்கிறது. அந்த ஸ்பீக்கரை உடனே கழற்றிவிடுங்கள், சுருள் கருகிவிடும்.

தனியாகப் போட்ட ஆம்பில் சிவப்பு புரொடெக்ட் லைட் எரிகிறது.

பவரை ஆஃப் செய்து ஸ்பீக்கர் ஒயர்களையும், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் எரிந்தால், 12 வோல்ட் சரியாக வருகிறதா, எர்த் இறுக்கமா என்று பார்த்துவிட்டு ஆம்பை பெஞ்சுக்கு அனுப்புங்கள். அணைந்தால் ஒவ்வொன்றாக மாட்டி, எதில் திரும்ப எரிகிறது என்று பிடியுங்கள். ஆம்பின் இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் பிரிட்ஜில் இரண்டு 4 ஓம் சப்ஊஃபரை பேரலலாகக் கொடுத்திருந்தால் 2 ஓம் ஆகிறது. பிரிட்ஜில் 4 ஓமுக்குக் குறைவைத் தாங்காத ஆம்புகள்தான் அதிகம்.

ஆக்சிலேட்டர் கொடுத்தால் "ங்ஙீ" என்று கூடவே ஏறும் சத்தம் எதனால்?

ஆல்டர்னேட்டர் சத்தம் அது. பவரை ஆஃப் செய்து ஆம்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் செட் பக்கமோ ஆர்சிஏ பக்கமோதான் கோளாறு. செட்டின் ஆர்சிஏ வெளிவளையத்துக்கும் அதன் உலோக உடம்புக்கும் தொடர்பு விட்டிருக்கிறதா பாருங்கள். பவர் இருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்கி மாட்டினால் சில செட்களில் உள்ளே இருக்கும் மெல்லிய ஃபியூஸ் போய்விடும், அதன் அடையாளம் இது. நிற்கவில்லை என்றால் ஆம்பின் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரிய வேண்டும், ஒயர் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

புது ஸ்பீக்கர் நான்கு போட்டும் பேஸ் இல்லை.

ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். செட்டின் கப்ளரைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் ஜோடி ஒயரில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுத்தால் கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுக்கும் ஸ்பீக்கரில் ஒயரைத் திருப்பிப் போடுங்கள்.