நோட்டை விடாத கணக்குப்பிள்ளை

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ரைஸ் மில் இருக்கிறது. சென்னையில் 9 வருஷம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டேன். நெல் வரவு, எடை, ஈரம், பட்டுவாடா எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்ற ஒரு சாப்ட்வேர் வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. கணக்குப்பிள்ளை மாமா இன்னும் நீள நோட்டில்தான் எழுதுகிறார். சத்தம் போட்டால் சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பார்த்து டேப்லெட்டில் ஏற்றுகிறார். எடை மேடைப் பையனும் அவர் வழியே போகிறான். தகராறு வந்தால் அப்பாகூட நோட்டைத்தான் கேட்கிறார். ஆனால் இதே மாமா தினம் காலையில் வாட்ஸ்அப்பில் வணக்கம் அனுப்புகிறார், டீக்கடையில் ஜிபே பண்ணுகிறார்! போகப் போக இரண்டு ஆள் குறையும் என்று கணக்குப் போட்டுத்தான் பணம் போட்டேன். நோட்டுப் பக்கம் ஒன்றை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், குழப்படியை நீங்களே பாருங்கள். இவரை மாற்ற முடியுமா, இல்லை ஆளையே மாற்றிவிடலாமா?
— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். எனக்கு அதில் குழப்படி தெரியவில்லை. பெயர், மூட்டை, எடை எல்லாம் கோடு போட்ட கட்டத்துக்குள் ஒழுங்காக நிற்கின்றன. விஷயம் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் இருக்கிறது. ஒரு பெயருக்கு நேரே ‘நனைஞ்சது 4, தனியா’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ‘சாக்கு அவருது’. இன்னொன்றில் ‘பாதிப் பணம் தம்பிகிட்ட’. உங்கள் சாப்ட்வேரில் இதற்கெல்லாம் இடம் உண்டா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு அந்த விவசாயி வந்து “என் சாக்கு எங்கே?” என்று நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் மாமா. சாப்ட்வேர் விற்றவர் அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு எப்போதோ பஸ் ஏறியிருப்பார்.

பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார். ஆபீசில் ஒரு புதுக் கருவியை ஆட்கள் ஏற்பதும் தள்ளுவதும் எதனால்? இரண்டு காரணங்களைப் பிடித்தார்: இது என் வேலைக்கு உதவுமா, இதைக் கையாள்வது சுலபமா. இரண்டில் கனமானது முதலாவது. உதவுகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் மனுஷன் கற்றுக்கொள்வான்; எவ்வளவு சுலபமாக இருந்தாலும் உதவாததைத் தொடமாட்டான். மாமாவின் ஜிபே புதிர் இதோடு தீர்ந்தது. சில்லறைத் தொல்லை போயிற்று, எடுத்துக்கொண்டார். டேப்லெட்டால் அவருக்குப் போன தொல்லை என்ன? ஒன்றுமில்லை. எழுதினதையே இரண்டாம் தடவை எழுதுகிற வேலைதான் புதிதாக வந்திருக்கிறது.

நம் பக்கத்து ஆட்கள் புதுசைக் கண்டு ஓடுகிறவர்களும் இல்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது பழைய தஞ்சாவூர் ஜில்லா குறுவைக்கு அதை அள்ளிக்கொண்டது. அறுவடை மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம், சம்பா சாய்ந்து கிடக்கிறது, வயலில் ஈரம் காயவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். பெல்ட் வண்டிதான் நின்றது. வயல்காரருக்கு அது வரம். அறுத்த நெல்லிலேயே கூலி வாங்கிப் போய் குதிரில் நிரப்பிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு? அவர்கள் முகம் சுளித்ததற்குப் ‘பழமைவாதம்’ என்று பெயர் வைத்தால் அது அநியாயம். மாடு வைத்திருந்தவர்களும் முனகினார்கள்: மெஷின் வைக்கோலைக் கசக்கிச் சிதறடித்துவிடுகிறது, மாடு தின்னாது, அள்ளவும் முடியாது என்று. அந்த முனகலில் ஒரு தகவல் இருந்தது. பிற்பாடு வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற மெஷின் அதே வயலில் இறங்கியது. உங்கள் மாமாவின் முனகலிலும் தகவல் இருக்கிறது. எட்டு மாதத்தில் அதை யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா?

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட சிலரும் இந்த ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது இன்னும் இரண்டு காரணங்களையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒன்று, ‘நமக்கு முக்கியமானவர்கள் இதை எதிர்பார்க்கிறார்களா’ என்பது. இன்னொன்று, தடுமாறினால் கைகொடுக்க ஆளும் வசதியும் இருக்கிறதா. உங்கள் மில்லில் முக்கியமானவர் அப்பா. தகராறு என்றால் அவர் நோட்டைத்தான் புரட்டுகிறார். அப்புறம் மாமா எதை ஒழுங்காக எழுதுவார்? நானாக இருந்தாலும் நோட்டைத்தான்.

இதையெல்லாம்விட, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. ‘இரண்டு ஆள் குறையும்.’ இது அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? மில்லில் தவிட்டுத் தூசியைவிட வேகமாகப் பரவுவது இந்த மாதிரிச் செய்திதான். தன் சீட்டைக் கிழிக்கப்போகிற பெட்டிக்குத் தானே தினமும் தீனி போடு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஏன் ஆர்வமாகப் போடவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. யாரையும் நிறுத்தப்போவதில்லை என்றால் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒத்துழைப்பை எதிர்பார்க்காதீர்கள்.

நிறுத்தவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். சாப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம் போடச் சொல்லுங்கள். தமிழில் பேசினாலே எழுத்தாகிற வசதி போனிலேயே இருக்கிறது, தூசி படிந்த விரலால் மாமா தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தப்பாக ஏற்றினால் அடித்துத் திருத்த வழி வேண்டும். நோட்டில் அவர் ஒரு கோடு இழுத்துத் தன் கையெழுத்தைப் போட்டுவிடுகிறார், போட்டோவிலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது. டேப்லெட்டில் தப்பு நேரே உங்கள் போனுக்கு வந்து நிற்கும் என்றால் யாருக்குத்தான் கை வரும்? அப்புறம், ராத்திரி கூட்டல் இருக்கிறதே, மூட்டைக் கணக்கும் பணக்கணக்கும் இடிக்காமல் உட்கார்ந்து சரிபார்ப்பது, அந்த வேலையை முதலில் டேப்லெட்டிடம் கொடுங்கள். ஒரு வாரம் அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும். அது வரைக்கும் நோட்டை ஒளித்துவைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

சொல்லிக்கொடுப்பதைத் தனியாக வையுங்கள், லோடுமேன்கள் பார்க்க வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது இரண்டு வருஷம் கையால் எழுதி, இன்னொருவரை டைப் அடிக்க வைத்தவன் நான். கேட்டால் கண் வலி என்பேன். என்னைவிட 20 வயது சின்னவர்கள் முன்னால் கீபோர்டில் ‘ழ’வைத் தேடிக்கொண்டிருக்க வெட்கம், அவ்வளவுதான்.

ஆளை மாற்றுகிற பேச்சை இப்போதைக்கு விடுங்கள். அந்தப் பக்கத்தில் மூன்று பெயர்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருக்கிறது. எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். நாளைக்கு மத்தியானம் லோடு வருவதற்கு முன்னால், இரண்டு டீ சொல்லிவிட்டு, அது என்ன என்று மாமாவிடம் கேளுங்கள். எனக்கும் எழுதுங்கள்.