எழுந்து நிற்கும் வலு திரும்புமா?

கேள்வி: எனக்கு 67 வயது. நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் சாப்பிட்டு வருகிறேன். ஐந்தாண்டுகளுக்கு முன்புவரை தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளையும் நின்று நின்றாவது ஏறிவிடுவேன். இப்போது தரையில் உட்கார்ந்து கோலம் போட்டால், எதையாவது பிடிக்காமல் எழ முடிவதில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தும் காலில் வலு இல்லை. போன வலு திரும்புமா, டாக்டர்? – வாசகி, பினாங்கு.

பதில்: பெரும்பகுதி திரும்பும், அம்மா. 1990-இல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலானவர்கள் எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்தபோது, அவர்களின் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் வயதாக ஆக முதலில் மெலிவது, எழும்போதும் படி ஏறும்போதும் விசையோடு இழுக்கும் தசை இழைகள். சமதரையில் மெதுவாக நடக்கையில் அவற்றுக்கு வேலை குறைவு. நாற்காலியிலிருந்து எழுகையில் உங்கள் கையைக் கவனியுங்கள்: அது தொடையை ஊன்றித் தள்ளினால், காலின் வேலையைக் கை செய்கிறது என்று பொருள்.

சுவரோடு ஒட்டிய நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக உட்காருங்கள். எட்டு முறை செய்து, இளைப்பாறி, மீண்டும் எட்டு முறை. வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. முடியாவிட்டால் முதலில் தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். எளிதாகிவிட்டால் ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கைகளைக் கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், கால் இன்னும் தேறவில்லை என்பதே ஆசியர்களுக்கான அளவுகோல்.

பயிற்சி மட்டும் போதாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ ஆறு கிராம். காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு (நம்மவர்களை மாற்றுவது கடினம்!) இரவில் மட்டும் மீன் சாப்பிட்டால் கணக்கு எட்டாது, தெம்பே (புளிக்கவைத்த சோயா), பருப்பு, முட்டை ஆகியவற்றை ஒவ்வொரு வேளைக்கும் பிரித்துச் சேருங்கள். ஆனால் நீரிழிவு உள்ளவர் என்பதால், புரதத்தைக் கூட்டுமுன் சிறுநீரகப் பரிசோதனை அவசியம்.

மெட்ஃபோர்மினை நெடுங்காலம் சாப்பிடுவோருக்கு பி12 வைட்டமின் குறைந்து, பாதம் மரத்து நடை தள்ளாடலாம். அடுத்த முறை அரசாங்க கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது அதையும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்ணீர்மலைக்கு மீண்டும் போகும்போது, ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். முழங்காலுக்குச் சுமை கூடுவது அப்போதுதான். அங்கே மட்டும் கைப்பிடியை விடாதீர்கள்.