இரவுப் பணி, வயிறு உப்புசம்: புரோபயாடிக் மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: என் வயது 34. எட்டு மாதமாக இரவுப் பணி. வேலைக்காக வேறு ஊருக்கு வந்து தனியாகத் தங்கியிருக்கிறேன். இதற்கிடையில் பல் தொற்று, சைனஸ் என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். இப்போது தினமும் வயிறு உப்புசம். சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி. மலத்தை வைத்துக் குடல் நுண்ணுயிர்களைப் பார்க்கும் மைக்ரோபயோம் பரிசோதனையில் 'நுண்ணுயிர்ப் பன்மை குறைவு', அதாவது நுண்ணுயிர் வகைகள் குறைவு என்று வந்திருக்கிறது. நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை வாங்கச் சொல்கிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரவுப் பணி, இடமாற்றம், ஆன்டிபயாடிக் ஆகிய மூன்றில் ஒன்றே போதும், குடல் நுண்ணுயிர்களைக் கலைத்துப் போட. உங்களுக்கு மூன்றும் எட்டே மாதத்துக்குள் வந்திருக்கின்றன.

மாத்திரை வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு வீரியமான மூன்று ஆன்டிபயாடிக்குகளை நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. சில இனங்கள் மட்டும் ஆறு மாதம் கழித்தும் திரும்பவில்லை. அதே ஆண்டு இஸ்ரேலில் நடந்த இன்னொரு ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சொந்த நுண்ணுயிர்கள் மீண்டு வருவது தாமதமானது. எதுவும் சாப்பிடாதவர்கள் அவர்களைவிட விரைவாக மீண்டார்கள். இதற்காக ஆன்டிபயாடிக்கையே பார்த்துப் பயப்படாதீர்கள். தேவைப்படும்போது அது உயிர் காக்கும் மருந்து. சாதாரண சளிக்கு நாமாகக் கேட்டு வாங்குவதுதான் கூடாது.

பரிசோதனை முடிவை நினைத்தும் கவலைப்பட வேண்டாம். சர்க்கரைக்கு இருப்பதுபோல் நுண்ணுயிர்ப் பன்மைக்கு 'இதுதான் சரியான அளவு' என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எண் எதுவும் இன்னும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். நாம் செரிக்க முடியாமல் விடும் நார்ச்சத்துதான் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவு. அதைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம், குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள். அந்தச் சுவரின் மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று படர்ந்திருக்கிறது; பாக்டீரியாக்கள் செல்களை ஒட்டாமல் தடுக்கும் வேலி அது. எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்திப் பார்த்தபோது, பசித்த பாக்டீரியாக்கள் அந்தப் படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்கின. வேலி மெலிந்தது, கிருமித் தொற்று எளிதாக உள்ளே புகுந்தது.

தனியாக இருப்பவர் தட்டிலிருந்து முதலில் மறைவது காய்கறியும் பயறும்தான். சமைக்கத் தெம்பில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை; இதை உங்கள் தவறாக நான் நினைக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெண்களிடம், ஓர் ஆண்டு முடிவதற்குள்ளேயே குடல் நுண்ணுயிர்கள் மாறத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். வாழ்க்கை இடம் மாறினால் குடலும் கூடவே மாறுகிறது.

நுண்ணுயிர்களுக்கும் பகல் இரவு உண்டு. குடலுக்குள் வெளிச்சம் கிடையாது; நீங்கள் சாப்பிடும் நேரம்தான் அவற்றுக்குக் கடிகாரம். எனவே ஒரு தாளில் உங்கள் 24 மணி நேரத்தையும் எழுதுங்கள்: எப்போது தூக்கம், எப்போது சாப்பாடு, எப்போது மலம், எப்போது உப்புசம். ஒரு வாரம் எழுதினாலே பலருக்கு விஷயம் புரிந்துவிடும். பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடியுங்கள். நள்ளிரவில் இரைப்பை மந்தமாக வேலை செய்வதால் அப்போது கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். விடுமுறை நாளிலும் இந்த நேரங்களை முடிந்தவரை மாற்றாதீர்கள்.

நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் இன்னும் அதிகமாகும். ஒரு வாரத்துக்கு ஒரு கைப்பிடி காய்கறி, அது ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் கொஞ்சம் பயறு என்று மெதுவாகக் கூட்டுங்கள். தினமும் நடங்கள்.

ஆறு வாரம் பார்த்தும் குறையவில்லை என்றால் மருத்துவரை நேரில் பாருங்கள். தைராய்டு, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் செலியாக் நோய் போன்றவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் ஒருவகைக் குடல் தொற்றாக அது இருக்கலாம். போகும்போது அந்த 24 மணி நேரத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.