‘5080 போட்டா பறக்கும்’ என்கிறார் கடைக்காரர்: நகையை வைத்து வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன வருடம் சோனி ஏ7 4 கேமரா வாங்கினோம். அதிலிருந்து, எடிட் செய்யும் ப்ரீமியர் மென்பொருளில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. தாலி கட்டும் ஷாட்டில் கெட்டிமேளம் முன்னால் போகிறது, படம் பின்னால் வருகிறது. கம்ப்யூட்டர்: ரைசன் 5 5600, 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு (12 ஜிபி), 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி). கடைக்காரர், அதை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு போட்டால் பறக்கும் என்கிறார். பில்லோடு 1,25,000, பில் இல்லாமல் 1,08,000. வீட்டு நகையை வைத்து வாங்கிவிடலாமா? தை மாத முகூர்த்தங்களுக்கு முன்னால் சொன்னால் உதவியாக இருக்கும். பழைய கார்டை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் கார்டுக்கு வலு போதாமல் படம் திக்கவில்லை. அந்தக் கார்டு அந்த நேரத்தில் கிட்டத்தட்ட சும்மா உட்கார்ந்திருக்கிறது.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். திக்குகிற ஒரு கிளிப்பை டைம்லைனில் ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் ஜிபியு-வைச் (அதுதான் உங்கள் கார்டு) சொடுக்கினால் நான்கைந்து சின்னக் கட்டங்கள் வரும். ‘வீடியோ டிகோட்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். பூஜ்யத்தில் படுத்திருக்கும். அப்படியே மேலே கம்ப்யூட்டரின் மூளையான சிபியு-வைப் பார்த்தால் நூறைத் தொட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். உங்கள் நோய் இதுதான்.

காரணம் கேமரா மெனுவில் இருக்கிறது. கேமரா படத்தைப் பதியும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும், நிறத்தை மட்டும் சிக்கனம் பண்ணும். 4:2:0 என்றால் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். 4:2:2 என்றால் இரண்டு புள்ளிக்கு ஒரு நிறம். கோலத்தில் புள்ளியெல்லாம் வைத்துவிட்டுக் கலர் பொடியைப் பிடித்துப் பிடித்துத் தூவுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கேமரா 4:2:0-தான் தந்திருக்கும். புதிதில் யாரோ ‘குவாலிட்டி’ என்று சொல்லி 4:2:2 10-பிட் (8-பிட்டைவிட நிறத்தில் நுணுக்கமான படிகள்) வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 3060-க்குள் படத்தைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் கேமரா வீடியோவைச் சுருக்கிவைக்கும் எச்.264, எச்.265 என்ற முறைகள் இரண்டிலுமே அதற்கு 4:2:2 தெரியாது. தெரியாத மொழியில் கடிதம் வந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் அது செய்கிறது: பக்கத்தில் இருக்கிற சிபியு-விடம் தள்ளிவிடுகிறது. 3060-இன் சிப்பைத் தரும் என்விடியா கம்பெனியின் கார்டுகளில் இந்த மொழியைப் படிக்கத் தெரிந்த முதல் குடும்பம் 2025 ஜனவரியில் வந்த 50 வரிசைதான்.

ஆக, கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 5080 போட்டால் ஓடும். மீதியை அவர் சொல்லவில்லை: அதே வரிசையில் அடியில் இருக்கும் 5060 டிஐ போட்டாலும் ஓடும். படம் பிரிக்கும் பகுதி அதிலும் அதே தலைமுறைதான். 5080-இல் அது இரண்டு, 5060 டிஐ-இல் ஒன்று, அவ்வளவுதான். நான்கு கேமராவை ஒரே நேரத்தில் மல்டிகேமில் ஓட்டுகிறவருக்கு இரண்டு இருப்பது கொஞ்சம் சௌகரியம். உங்களுக்கு ஒன்றே தாராளம்.

கார்டு பேச்சுக்கு முன்னால் காசே ஆகாத வழியைப் பார்ப்போம். மணவறைச் சடங்கு நீளமாக, ஸ்டாண்டில் வைத்த கேமராவில் ஓடுகிறது. அதற்கு எஸ்-லாக் (பின்னால் கலர் திருத்துவதற்காக வெளிறலாக எடுக்கும் முறை) வேண்டாம், 4:2:2-உம் வேண்டாம். மெனுவில் பதிவு வகையாக எக்ஸ்ஏவிசி எஸ் 4கே-வை வைத்து, ரெக்கார்ட் செட்டிங்கில் 4:2:0 8-பிட் தேர்ந்தெடுங்கள். மாப்பிள்ளையின் மாமாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்கள் 3060 அதை அலட்டாமல் ஓட்டும். ‘எக்ஸ்ஏவிசி எச்எஸ் வையுங்கள், அதில் 4:2:0 10-பிட் கிடைக்கும்’ என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊர் ‘பால்’ (PAL) வீடியோ செட்டிங்கில் அந்த வகையில் 4கே 25 ஃப்ரேம் இல்லை, 50 ஃப்ரேம்தான். ஏ7 4-இல் 50 வைத்தால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு நெருங்கி வரும். மண்டபத்தில் பின்னால் நகர இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கிறவருக்கு அது உதவாது.

அவுட்டோர், ஹைலைட்ஸ் மட்டும் 4:2:2-இல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளிப்புகளைத் தேர்ந்து, ரைட் கிளிக் செய்து, ப்ராக்ஸி போடச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் சின்ன அளவுக் காப்பிகள் தயாராக இருக்கும். எடிட் முழுக்க அதில் ஓடும், எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ரீமியர் தானாக ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். தை சீசனை இப்படியே ஓட்டிவிடலாம். சீசன் முடிந்து கையில் காசு நின்றால் 5060 டிஐ வாங்குங்கள்.

வாங்கும்போது ஒரு கண்ணிவெடி உண்டு. 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள், 16 ஜிபி கார்டும் விற்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது 16. பெட்டியில் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்துப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு வேறு பொருளுக்கு ஒரே பெயர் வைக்கிற இந்தப் பழக்கத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. லேப்டாப்பில் இன்னும் மோசம். லேப்டாப் 5090-க்குள் இருக்கும் சிப், டெஸ்க்டாப் 5080-இன் சிப். மெமரியும் டெஸ்க்டாப் 5090 போல 32 அல்ல, 24 ஜிபி. அறிமுக மேடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? 549 டாலர் 5070, பழைய 4090-க்குச் சமம் என்றார்கள். நடுநடுவே ஃப்ரேமைத் தானே வரைந்து நிரப்பும் கேம் வித்தையை வைத்துச் சொன்ன கணக்கு அது. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட்டில் அந்த வித்தைக்கு வேலையே இல்லை. ஆனால் கடையில் அந்த வரியைத்தான் நம் காதில் ஓதுவார்கள்.

இப்போது பில் விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

1,25,000-க்குள் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. வரியைக் கழித்தால் கார்டின் விலை 1,05,932. பில் இல்லாமல் அவர் கேட்பது 1,08,000. அதாவது, ‘உங்களுக்காகக் குறைக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே, பில் போட்டு விற்பதைவிட இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். வரியும் போச்சு, வாரண்டிக்கு நீட்ட உங்களிடம் காகிதமும் போச்சு. ஸ்டுடியோவுக்கு வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் (வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம்) உங்கள் எண்ணைப் போட்டு பில் வாங்குங்கள். அந்த 19,068 ரூபாயை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழிக்க முடிந்தால் பில்லோடு வாங்குவதுதான் மலிவு. இதைச் சொன்னால் கடையில் முகம் மாறும். மாறட்டும்.

பில்லில் ‘கம்ப்யூட்டர் பார்ட்ஸ் - 1’ என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிப் பெயர், மாடல், சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். பெட்டி ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பர், கார்டின் மேல் ஒட்டிய நம்பர், பில்லில் உள்ள நம்பர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையிலேயே, கவுண்டரிலேயே, பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாமல் பாருங்கள். ‘அசெம்பிள் பண்ணித் தர்றோம் சார், சாயந்திரம் வாங்க’ என்று சொன்னால், பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, நம்பரை போனில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் டீ குடிக்கப் போங்கள்.

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவரும் கார்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். 2021-இல், கார்டே கிடைக்காத காலத்தில், எனக்குத் தெரிந்த ஆல்பம் டிசைனர் ஒருவர் அப்படி ஒன்றை வரவழைத்தார். பதினாலாவது மாதம் திரையில் கோடு விழுந்தது. சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கார்டைத் தொடக்கூட இல்லை, பெட்டியை அப்படியே எங்கள் பக்கம் நகர்த்தினான். இந்த நம்பர் இந்தியாவுக்கு விற்றது இல்லையாம். மறுபடி துபாய் போகிற ஆளைத் தேடி, அனுப்பி, வரவழைக்க நான்கு மாதம். அதற்குள் இரண்டு சீசன் போய்விட்டது. உலகம் முழுக்க ஒரே லோகோ, ஒரே பெட்டி, ஒரே விளம்பரம். வாரண்டி என்று போனால் மட்டும் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்.

கடை ஏமாற்றினால் 1915-க்குப் போன் செய்யலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆனால் அங்கே முதலில் கேட்பதும் பில்தான். வழக்கு முடிவதற்குள் கார்டின் வயதே முடிந்துவிடும் என்பது வேறு கதை.

உயர்ந்த கார்டுக்கு நியாயமே இல்லையா என்றால், உங்கள் தொழிலில் ஒரு இடத்தில் இருக்கிறது. ரிசப்ஷன் ராத்திரியில் நடக்கிறது. மண்டபத்துக்காரர் மேடையில் மட்டும் விளக்குப் போட்டுவிட்டு, பந்தியை இருட்டில் விட்டுவிடுகிறார். கேமராவின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓ-வை ஏற்றி எடுத்தால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் இரைச்சல். அதைப் போக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறோம், அல்லது ஏஐ மூலம் பழைய எச்டி படத்தை 4கே ஆக்குகிறோம். இந்த இரண்டு வேலையிலும் கார்டு உண்மையாகவே உழைக்கும். பெரிய கார்டில் மணிக்கணக்கு குறையும். ஆனால் எப்போதாவது ஒரு பாட்டுக்குப் போடுகிறவருக்கு இது பொருந்தாது. வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி கம்ப்யூட்டர் இதற்காகவே விடிய விடிய ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கார்டின் கட்டங்களில் ஒன்றாவது நூறை ஒட்டி நிற்கிறதா, சிபியு ஓய்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே பெரிய கார்டு காசை மீட்டுக் கொடுக்கும்.

அப்போதும் 5080 வேண்டாம், 5070 டிஐ பாருங்கள். இரண்டுக்கும் சிப் ஒன்றுதான், மெமரியும் அதே 16 ஜிபி. சிப்புக்குள் கணக்குப் போடும் கோர்கள் 10,752-க்குப் பதில் 8,960, அதாவது ஆறில் ஒரு பங்கு குறைவு. அறிவித்த விலையோ 999 டாலருக்குப் பதில் 749, நான்கில் ஒரு பங்கு குறைவு. அந்த மிச்சம் உங்களுக்கு வேண்டியிருக்கும். ஏனென்றால் 5070 டிஐ-க்கு 750 வாட்ஸ், 5080-க்கு 850 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. உங்கள் 650-ஐக் கழற்றத்தான் வேண்டும். கடைக்காரர் சொன்ன 1,25,000-இல் அது சேர்த்தியா என்று கேட்டீர்களா? இருக்காது. கார்டைத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலையில், மாட்டும்போதுதான் அந்தப் பேச்சு வரும்.

5070 டிஐ வாங்கினால் மாட்டிய அன்றே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஆர்ஓபி (படத்தை வரைந்து முடிக்கும் பகுதிகளின் எண்ணிக்கை) என்ற இடத்தில் 96 இருக்கிறதா என்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் சில கார்டுகள் எட்டு குறைந்து வெளியே வந்து, என்விடியாவே ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுக்கச் சொன்னது. 88 என்று காட்டினால் உடனே படம் பிடித்துக் கடைக்குப் போங்கள். 5060 டிஐ-க்கு இந்தத் தலைவலி இல்லை. 600 வாட்ஸ் இருந்தால் போதும் என்பதால் உங்கள் எஸ்எம்பிஎஸ்-ஐயும் தொட வேண்டாம்.

விலை எப்போது இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். 2025 கடைசியில் மெமரி விலை ஏறத் தொடங்கியதிலிருந்து கார்டு விலையும் அதன் பின்னாலேயே போகிறது. அறிமுகத்தின்போது 5080-க்கு இந்தியாவில் ஆரம்ப விலை 1,07,000 என்றார்கள். உங்கள் கடைக்காரர் சொல்கிற விலை உங்களுக்கே தெரியும்.

பழைய 3060-க்கு வருவோம். எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அதே கடையில் கொடுத்துவிடாதீர்கள். ‘மைனிங் கார்டா இருக்கும்’ (கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாக ஓடித் தேய்ந்தது) என்று ஒரு வார்த்தையைப் போட்டு விலையை அடிப்பார்கள். 12 ஜிபி கார்டுக்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள். டிசைன் வேலை பார்க்கிற பக்கத்து ஊர்ப் பையன் யாராவது கேட்பான். பெட்டி, பழைய பில் இரண்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே பரணில் ஏறித் தேடிப் பாருங்கள். புதுக் கார்டை மாட்டி ஒரு கல்யாணம் முழுசாக எக்ஸ்போர்ட் ஆகும்வரை அதை விற்காதீர்கள்.